ஆணியில் மாட்டாத டோக்கன்

ராயபுரத்தில் கூட்ஸ் வண்டி போனால் அலமாரியில் பாத்திரம் குலுங்கும். ஊரே அதைச் சட்டை செய்யாது. சிலுவைமுத்து மட்டும் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு வாசலுக்கு ஓடுவார்.

"இன்னாய்யா, இன்னும் சுரங்கத்துலயே கீறியா? ரயிலுதான் போய்க்கினு கீது, குந்து," என்பாள் மனைவி ஜானட். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவளும் சொல்கிறாள், இவரும் ஓடுகிறார்.

இங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்க வருமுன் அவர் கோலார் தங்கவயலில் பாறை உடைத்தவர். அங்கே ஒரு வழக்கம். இறங்கும்போது பலகையிலிருந்து தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை எடுத்துக்கொள்ள வேண்டும். ஏறி வந்ததும் அதே ஆணியில் மாட்ட வேண்டும். ஆணி காலியென்றால் ஆள் இன்னும் கீழே என்று அர்த்தம்.

முப்பது வருஷத்துக்கு முன், வேலை முடிந்து ஏறி வந்தவர், மாதா தேர் பார்க்கிற அவசரத்தில் டோக்கனை மாட்டாமல் சட்டைப்பையோடு கொண்டுபோய்விட்டார். பாழாய்ப்போன அவசரம்! அரை மணியில் பூமி குலுங்கியது. கீழே பாறை வெடித்துச் சரிந்திருந்தது. எல்லோரும் ஏறி வந்தும் அவருடைய 312-ஆம் ஆணி காலி. "சிலுவை உள்ள மாட்டிக்கிட்டான்" என்று கூட்டாளி நீலமேகம் மறுபடி இறங்கினான். அடுத்த சரிவில் அவன் போய்விட்டான். உடல்கூடக் கிடைக்கவில்லை.

'பக்கத்துச் சுரங்க வழியாத் தப்பி வந்தேன்' என்று சிலுவைமுத்து வாய் கூசாமல் சொன்னார். ஊரும் நம்பியது.

நெஞ்சில் சுரங்கத் தூசி கட்டியிருக்கிறது என்று டாக்டர் இந்த வருஷம் சொன்னதும் அவருக்குப் பயம் வந்துவிட்டது. சாகிறதுக்குள் நீலமேகத்தின் மனைவி தாயம்மாவிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். டோக்கனை எடுத்துக்கொண்டு ரயில் ஏறினார்.

நூறு வருஷத்துக்கு மேல் பொன் தோண்டிய ஊர். 2001-ல் மூடினார்கள். இரும்புக் கோபுரம் துருவேறி நிற்கிறது, சுரங்கத்தில் தண்ணீர் ஏறிவிட்டது. டோக்கன் அறைக்குக் கூரையில்லை, பலகையுமில்லை.

தாயம்மா தொழிலாளர்களுக்குக் கட்டிய அதே லைன் வீட்டில்தான் இருந்தாள். அவள் கையில் டோக்கனை வைத்து, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். அவள் திட்டவில்லை. முந்தானையால் நம்பரைத் துடைத்தாள். கணவன் படத்துக்குக் கீழே இருந்த காலண்டரைக் கழற்றி, அந்த ஆணியில் டோக்கனை மாட்டினாள்.

"சரி, நீங்க மேல வந்துட்டீங்கண்ணா. அவரு எங்க?"



ராயபுரத்துக்குத் திரும்பிய மறுநாளும் கூட்ஸ் வண்டி போனது, பாத்திரம் குலுங்கியது. அவர் தட்டு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாய்யா, ஓடல?"

"இரு ஜானட். நீலமேகம் ஏறி வர்றானான்னு காது குடுத்துக் கேக்குறேன்."