சாத்தக் கூடாத கதவு

அத்தான் கடைசிச் சண்டையில், வன்னியில் காணாமல் போனவர். அக்காவைக் கேட்டால் அவர் இருக்கிறார், அவ்வளவுதான். லண்டனுக்கு வந்த பிறகும் எங்கள் பங்குக் கோயிலில் அவள் அவருக்காக இறந்தோர் பூசை கொடுத்ததில்லை. வருடாவருடம் அவருடைய நல்ல சுகத்துக்காகத்தான் பூசை.

கல்யாணத்துக்காக ஊருக்குத் திரும்பும் முன் அத்தான் பிரான்சில் திராட்சை பிடுங்கியவர். அறுவடைக்கு அறுவடை ஊர் மாறியவர். பொர்தோவில் தோட்டமெல்லாம் கூழாங்கல்லாம், பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் கொடிக்குக் கொடுக்குமாம். பர்கண்டி வைன் பார்வைக்கு வெளிறிக் கிடக்கும், குடித்தால்தான் அதன் குணம் தெரியும் என்பார். ரோன் பள்ளத்தாக்கைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் தணியும். அங்கே வடக்கிலிருந்து ஒரு காற்று நாள்கணக்கில் அடிக்குமாம். கொடிகளுக்கிடையே குனிந்து நிற்கும்போது பின்னால் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல இருக்குமாம், திரும்பிப் பார்க்கக் கூடாதாம். அளப்பதில் அவரை வெல்ல ஆளில்லை என்று நான் சிரிப்பேன்.

அவருடைய பிறந்தநாளுக்கு அக்கா டூட்டிங்கில் அலைந்து, அவர் வேலை செய்த பக்கத்துச் சிவப்பு வைன் ஒன்று வாங்கி வருவாள். பிட்டும் கணவாய்க் கறியும் வைத்து, கிளாஸில் வைனை ஊற்றிச் செபம் சொல்வோம். பிறகு அதை நான் குடித்துவிட வேண்டும். ஒரே ஒரு சட்டம், படைத்த அறையின் கதவைச் சாத்தக் கூடாது. செத்தவருக்குத்தான் பிடித்ததைப் படைத்துவிட்டு, வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று கதவைச் சாத்தி வெளியே நிற்பது. வேதக்காரர் நாங்களும் எட்டாம் நாள் அதைச் செய்வோம், சுவாமியாருக்குச் சொல்ல மாட்டோம்.

இந்த வருடம் ரோன் வைன். கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வாடகை வீட்டுக் கதவுகள் நெருப்புக்குப் பாதுகாப்பாகப் போட்டவை, விட்டால் தானாக மூடிக்கொள்ளும். அரிசிப் பையை முட்டுக் கொடுத்துத்தான் திறந்து வைப்போம். அன்று மத்தியானம் வைனை ஊற்றின கையோடு மணி அடித்தது. அக்கா பார்சல் வாங்கக் கீழே ஓடினாள். நான் அப்பளம் கருகுகிறதென்று அடுப்படிக்கு ஓடினேன். பையை மற்றவள் வைத்திருப்பாள் என்று இருவருமே நினைத்துவிட்டோம்.

திரும்பி வந்தபோது கதவு சாத்தியிருந்தது.

அக்கா அதன் முன்னால் நின்றாள். நான்தான் திறந்தேன். ஜன்னல்கள் பூட்டியபடி இருந்தன. பிட்டில் ஒரு பொட்டுக் குறையவில்லை. வைன் இரண்டு விரல் அளவு இறங்கியிருந்தது. அதற்கு மேலே கிளாஸின் உள்பக்கத்தில் ஈரச் சிவப்பு இன்னும் வழிந்துகொண்டிருந்தது. நான் கவுன்சில்காரருக்குப் பயப்படுவேனே தவிரப் பேய்க்குப் பயந்தவள் இல்லை. ஆனால் அந்த அறைக்குள் கால் வைக்க எனக்குப் பயமாக இருந்தது. வீட்டில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை.

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருடம் அவள் சாக விடாமல் பிடித்து வைத்திருந்த மனிதர் அங்கே செத்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் குடிச்சனான் அக்கா," என்றேன். "பொறுக்கேலாமல் குடிச்சிட்டன்."

"நீ அடுப்படியிலயெல்லோ நிண்டனீ?"

"இடையில வந்தனான். கதவையும் நான்தான் விட்டிட்டன்."

அவள் நம்பவில்லை. கிட்ட வந்து, "வாயை ஊது," என்றாள்.

ஒரு துளிகூட என் நாக்கில் பட்டிருக்கவில்லை. வேறு வழியில்லாமல் ஊதினேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு என் வாயருகே நெடுநேரம் மணந்து பார்த்தாள்.

"ஓம், மணக்குது," என்றாள். "மிச்சத்தையும் குடி."