ஏழாவது பாகம், முப்பது சுற்று

அந்தத் தறியைக் குற்றாலத்தில் ஒரு வீட்டிலிருந்து லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தோம். வெளியூரிலிருந்து வந்து சில வருஷம் அங்கே தங்கி நெய்துகொண்டிருந்த ஒரு அம்மா, ஊர் திரும்பும்போது என் மைனிக்குக் கொடுத்துவிட்டுப் போனது. மைனி அவரிடம் கூடமாட வேலை பார்த்தவள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. என் அண்ணனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் எனக்கு மைனி. நான் அவளுக்கு இன்றைக்கும் ‘ஏட்டி’தான்.

புருஷன் வீடு வேண்டாம் என்று நான் தென்காசிக்குத் திரும்பி எட்டு மாதம் ஆகியிருந்தது. அண்ணன் சவூதியில். வீட்டில் அவளும் நானும்தான். ஒரு நாள்கூட அவள் முகம் சுளித்ததில்லை. அதுவே எனக்கு ஆத்திரமாக வரும். சும்மா உட்கார்ந்து தின்கிறவளுக்கு அடுத்தவளின் நல்ல குணம்கூடக் குத்தத்தான் செய்யும்.

தறி வந்த வாரம், அடுப்படியில் நின்று அவள் அண்ணனிடம் போனில் பேசியது எனக்குக் கேட்டுவிட்டது.

“ஒங்க தங்கச்சிக்குக் கையில வேகம் இருக்கு, நிதானம் கெடையாது. இந்த ஒரு பாவு பாக்கேன். சரியா வரலன்னா பக்கத்து வீட்டு மருமவளச் சேத்துக்கிடுதேன். வேற என்ன செய்யச் சொல்லுதிய?”

அன்றிரவு சோற்றைப் பாதியில் மூடி வைத்தேன். அந்தத் தறியில் எனக்கு இடம் இல்லையென்றால் அந்த வீட்டில் நான் யார் என்ற கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது.

பாவு என்பது துணிக்கு நீளவாக்கில் ஓடும் நூல். எங்கள் பக்கம் அதைத் தெரு நீளத்துக்கு விரித்துக் கட்டுவார்கள். இந்தத் தறிக்கு அது வேண்டாம். பின்னாலுள்ள உருளையில் இரண்டு இஞ்சுக்கு ஒரு வரிசையாக மரக்குச்சிகள் நட்டிருக்கும். ஸ்டாண்டில் நாற்பது நூல் கோன் வைத்து, நாற்பது நூலையும் ஒரு சின்னப் பெட்டி வழியாக ஒரே விறைப்பாக விட்டு, இரண்டு குச்சி வரிசைக்கு நடுவே முப்பது சுற்று சுற்ற வேண்டும். அது ஒரு பாகம். வெட்டி, முனையை டேப்பால் ஒட்டி, அடுத்த பாகம். இப்படிப் பன்னிரண்டு. எந்தப் பாகத்திலாவது ஒரு சுற்று குறைந்துவிட்டால், மற்ற பதினொன்றிலும் கடைசிச் சுற்று நூல் குப்பைக்குத்தான். அருவிக்கரையில் விற்க நெய்யும் குளியல் துண்டுகளில் கடைசித் துண்டு பாதியில் நின்றுவிடும். ஒரே சாயத்தில் போட்ட நீல நூல், பன்னிரண்டு பாகத்துக்கு அளந்து வாங்கியது. பதின்மூன்றாவதற்கு நூல் கிடையாது.

அவள் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். உருளையின் கைப்பிடியைச் சுற்றுவதும் எண்ணுவதும் என் வேலை. முதல் பாகத்திலேயே வேகமாகச் சுற்றி ஒரு நூலை அறுத்தேன். “யாரு ஒன்ன வெரட்டுதா?” என்று மட்டும் கேட்டுவிட்டு முடிச்சுப் போட்டாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு நிதானமாகச் சுற்றினேன். வெளியே சாரல். ஆறு பாகம் ஒழுங்காக முடிந்தது.

ஏழாவதில், பள்ளிவாசலில் பிற்பகல் தொழுகைக்கு அசர் பாங்கு சொன்னார்கள். பிறந்ததிலிருந்து வந்த பழக்கம். கை தானாகக் கைப்பிடியை விட்டு முந்தானையைத் தலைக்கு இழுத்தது, எண்ணிக்கொண்டிருந்த வாய் பாங்குக்குப் பதில் சொல்லப் போய்விட்டது. பாங்கு முடிந்தபோது வாயில் எண் இல்லை. பதினேழா, பதினெட்டா?

“எத்தனட்டி?”

“பதினெட்டு” என்றேன், சட்டென்று.

முப்பது வரை சுற்றினேன். அவள் வெட்டி, ஒட்டி, நூலை எட்டாவது பாகத்தில் மாட்டினாள்.

“சுத்துட்டி.”

கை வரவில்லை. வாயை மூடிக்கொண்டால் கடைசித் துண்டு வரைக்கும் யாருக்கும் தெரியாது. சொன்னால் பக்கத்து வீட்டு மருமகள் நாளைக்கே இந்த ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள்.

“மைனி, ஏழாவதுல எண்ணிக்க தப்பிட்டு. பாங்கு சொன்னப்ப.”

“அப்பவே கேட்டேம்லா?”

“பொய் சொன்னேன்.”

அவள் திட்டியிருந்தால் தேவலை. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். ஏழாவது பாகத்தின் முனையைப் பிரித்துக் கையில் பிடித்தாள். நான் கைப்பிடியைப் பின்பக்கமாகச் சுற்ற, வந்த நூலை நாற்காலிகளைச் சுற்றி நடந்து நடந்து கட்டினாள். இருவரும் சேர்ந்து சத்தமாக எண்ணினோம். இருபத்தெட்டு. இருபத்தொன்பது. உருளையில் நூல் இன்னும் இருந்தது. முப்பது. வெறும் மரம் தெரிந்தது.

சரியாகத்தான் சுற்றியிருக்கிறேன்.

நாற்காலியில் கிடந்த நாற்பது நூலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. இனி பெட்டி வழியாக ஒரே விறைப்பாக ஏற்ற வழியில்லை. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. “வாயப் பொத்திக்கிட்டு இருந்திருக்கணும் நான்!” என்று கத்தினேன்.

“இருந்திருந்தா பாவு நல்லா இருந்திருக்கும். நீதான் எம் மூஞ்சியப் பாத்திருக்க மாட்ட” என்றாள் மைனி. நூலை உருவி ஒரு பையில் திணித்தாள். “பதினொரு பாகந்தான் வரும். துண்டு ரெண்டு இஞ்சு கொறையும். அருவில குளிக்க வாறவன் ஸ்கேலா கொண்டு வாரான்?”

பிறகு என் பக்கம் வந்தாள். கைப்பிடியை வாங்கத்தான் வருகிறாள் என்று நினைத்து ஸ்டூலை விட்டு எழுந்தேன். அவள் என் தோளை அமுக்கி உட்காரவைத்தாள். தீப்பெட்டியைக் கவிழ்த்து முப்பது குச்சி எண்ணி என் மடியில் போட்டாள்.

“சுத்துக்கு ஒரு குச்சி கீழ போடு. பாங்கு சொன்னா குச்சி எந்திரிச்சா ஓடும்? ம், ஏழாவது. சுத்து.”

இப்போதெல்லாம் நூல் தாராளமாகவே வாங்குகிறோம். பன்னிரண்டாவது பாகமும் சுற்றலாம் என்று ஒவ்வொரு பாவுக்கும் நான் சொல்வேன். “வேண்டாம்ட்டி” என்பாள். எங்கள் துண்டு இன்றைக்கும் இருபத்திரண்டு இஞ்சுதான்.