சூனியக்காரியின் தலையும் எங்கள் ஏழாம் திருவிழாவும்

காட்டில் கைவிடப்பட்ட அண்ணனும் தங்கையும், இனிப்புப் பண்டத்தால் கட்டிய வீடு, பிள்ளைகளைக் கொழுக்க வைத்துத் தின்னப் பார்க்கும் சூனியக்காரி. மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பில் படித்த கதை. அதில் கடைசியில் சூனியக்காரி போறணை அடுப்புக்குள் வெந்து சாவாள். அதையும் கதவைச் சாத்திய பிறகே சொல்வார்கள். என் தங்கையின் மகன் அந்தக் கதையை வைத்து எடுத்த சண்டைப் படத்தில் நான் எண்ணிய மட்டும் நாற்பத்தொரு பேர் சாகிறார்கள். கதவு எதையும் சாத்தவில்லை.

முதற் காட்சிக்கு, பிள்ளைகளின் தாயினுடைய செத்தவீட்டுக்கு, அவன் என் வீட்டைக் கேட்டான். அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தவன் வாய்ச்சொல்லில் அனுமதி கொடுப்பதில்லை. பதினொரு நிபந்தனைகளைத் தட்டச்சு செய்து ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கினேன். கோயில் கொடியேறிவிட்டதால் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் வளவுக்குள் வரக்கூடாது. இரத்தம் என்றால் பீற்றூட் சாறு மட்டும். கிணற்றடியில் ஒருவரும் கழுவக்கூடாது. கேற்றுக்கு வெளியே என்ன செய்யலாம் என்பதை எழுத மறந்துவிட்டேன்.

படப்பிடிப்புக்கு மறுநாள், கொடியேறி ஏழாம் நாள், எங்கள் திருவிழா. அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுப் பொறுப்பு. படப்பிடிப்பு நாள் காலை, அன்னதானத்துக்குக் காய்கறியும் வாழையிலையும் வாங்கக் கொடிகாமம் சந்தைக்குப் போனேன். மத்தியானம் திரும்பி பஸ்ஸால் இறங்கியபோது கடைக்காரர் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்.

"எப்ப அண்ணை எடுக்கினம்?"

"எதை?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஒழுங்கை முழுக்க வெள்ளைக்கொடி. கேற்றில் சாவீட்டுத் தோரணம். வாசலில் உண்மையான பறை. உள்ளே விறாந்தையில் பிணம் எழுந்திருந்து, மூக்கில் பஞ்சோடு, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தது.

"மாமா, ஒரு ஷொட்தான் மிச்சம்," என்றான் மருமகன். "அயலட்டைச் சனம் தானா வந்து அழுதிட்டுப் போகுது. ஒரு சதம் செலவில்லை."

நான் வந்த காலோடு கோயிலுக்கு ஓடினேன். வீட்டில் சாவு விழுந்தால் துடக்கு, தீட்டு. துடக்குக்காரர் திருவிழாச் செய்ய முடியாது, அது வரிசையில் அடுத்தவருக்குப் போகும். எங்களுக்கு அடுத்தவர் பின் ஒழுங்கையில் இருக்கும் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். அவர் கோயில் மனேச்சருக்குப் பக்கத்தில் ஏற்கனவே கதிரை போட்டிருந்தார்.

"பொடியன் படம் எடுக்கிறான். ஒருதரும் சாகேல்லை," என்றேன்.

"நான் உள்ளுக்கை போய்ப் பிரேதத்தைக் கண்ணாலை கண்டனான்," என்றார் அதிபர், என்னைப் பாராமல்.

"திருவிழா அதிபருக்கு எண்டு ஸ்பீக்கரிலையும் சொல்லியாச்சு அண்ணை," என்றார் மனேச்சர். "ஒருதரும் சாகேல்லை எண்டு விதானையாரிட்டை ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வாங்கோ."

ஊரின் பிறப்பு இறப்பெல்லாம் பார்க்கும் விதானையார் கச்சேரியில் எனக்குக் கீழே வேலை பழகியவர். நான் கேட்டதைப் பொறுமையாகக் கேட்டார்.

"ஆர் சாகேல்லை ஐயா? பேரைச் சொல்லுங்கோ."

"ஒருதரும்."

"செத்தால் பதியலாம். பொதுவாச் சாகாததுக்குப் படிவம் இல்லை."

அவர் சொன்னது சரி. அப்படி ஒரு படிவம் இல்லை.

ஏழாம் திருவிழாவை அதிபர் செய்தார். நான் வீட்டுக்குள் இருந்து மேளச்சத்தம் கேட்டேன். எங்கள் கோயிலில் ஒரு முறை கை மாறிய திருவிழா, அடுத்த கொடியேற்றத்துக்கு முன் நிர்வாகசபை மறுத்துத் தீர்மானிக்காவிட்டால், கை மாறியதுதான். எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. கண்ணால் கண்டவர் சொன்னதற்கு மேல் என்ன சாட்சி என்று மனேச்சர் கேட்டதாக அறிந்தேன்.

எட்டு மாதம் கழித்து யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில் படத்தைப் போட்டார்கள். தங்கையின் முகத்துக்காகப் போனேன். செத்தவீட்டுக் காட்சியில், பாடைக்கு மேல் குனிந்து சோகமாகப் பார்க்கும் முகம் அதிபருடையது. நாலு செக்கன். பிறகு வெட்டிவிட்டார்கள். மிச்சத்தில் கதையின் தங்கைக்காரி சூனியக்காரியின் தலையைக் கொடுவாக்கத்தியால் சீவி, அதைப் போறணைக்குள் எறிந்து, திரும்ப எடுத்து, இன்னொருமுறை எறிந்தாள். முன்வரிசை கைதட்டியது. நான் பீற்றூட்டின் விலையை யோசித்தேன்.

வெளியே மருமகனைப் பிடித்தேன். "அந்த நாலு செக்கனுக்குப் பிறகு எடுத்தது இருக்கோ?"

"இருக்கு மாமா. முதல்லை படம் எப்பிடி எண்டு சொல்லுங்கோ."

"சொன்னால் தரமாட்டாய்."

சிரித்துக்கொண்டே தந்தான். அவனிடம் நான் கண்ட ஒரே நல்ல குணம்.

கொடியேற்றத்துக்கு இரண்டு கிழமைக்கு முன் சபை கூடியது. நாலாவது கடிதத்தோடு அந்தத் துண்டையும் இணைப்பாகக் கொடுத்து, அங்கேயே மடிக்கணினியில் போட்டுக் காட்டினேன். அதிபர் குனிகிறார். பிரேதம் ஒரு கண்ணைத் திறக்கிறது.

"ஐயா, அந்தக் காத்தாடியை இஞ்சாலை ஒருக்காத் திருப்பிவிடுங்கோ. வேர்க்குது."

அதிபர் திடுக்கிட்டு, சுற்றிப் பார்த்து, காத்தாடியைத் திருப்பிவிடுகிறார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோயில் பக்கம் வேகமாக நடக்கிறார்.

மனேச்சர் திரும்பவும் போடச் சொன்னார். மூன்றாம் முறை போட ஒருவரும் கேட்கவில்லை. திருவிழா எங்களுக்கே என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்கள்.

வெளிவீதியில் அதிபர் என்னை நிற்பாட்டினார்.

"உம்மடை வீட்டுக்காரர் நான் போன வருசம் செய்த மாதிரி ஒரு திருவிழா ஒருநாளும் செய்யேல்லை. ஊரைக் கேட்டுப் பாரும்."

கேட்கத் தேவையில்லை. அவர் இரண்டு கூட்டம் மேளம் பிடித்திருந்தார். இந்த வருடத்துக்கு நான் மூன்று பிடித்திருக்கிறேன்.