கால்மாட்டுப் போர்வை

சிங்கப்பூரில் தேக்காவிலிருந்து ஜாலான் புசாருக்கு நடக்கிற வழியில், ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கிறது அந்த நூலகம். அரசாங்கத்துடையது அல்ல, ஒரு சங்கம் நடத்துகிறது. கீழே பூட்டும் குழாயும் விற்கிற கடை. மேலே தமிழ்ப் புத்தகங்கள், நாளிதழ்கள், நாள் முழுக்கக் குளிர்சாதனம். இவற்றில் எதற்காக ஆட்கள் வருகிறார்கள் என்று கேட்டால், சாமுண்டீஸ்வரி யோசிக்காமல் குளிர்சாதனம் என்பாள்.

அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது மகள் பாலர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். இப்போது மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது. சாமுண்டிக்கு மூட்டுவலி வந்துவிட்டது. இடையில் புத்தகம் அடுக்கினாள், கிழிந்ததை ஒட்டினாள், திருப்பித் தராதவர்களை விரட்டினாள். ஆனால் ஆட்கள் நினைவில் வைத்திருப்பது ஒன்றைத்தான். நூலகத்தில் தூங்கக்கூடாது என்பது சங்கத்து விதி. யாராவது தலையைக் கவிழ்த்தால் சாமுண்டி போய் மடக்கிய விரலால் மேசையில் இரண்டு தட்டுத் தட்டுவாள். டொக், டொக். தலை நிமிர்ந்ததும் போய்விடுவாள். டொக்டொக் அம்மா என்று தனக்குப் பெயர் இருப்பது அவளுக்குத் தெரியும். அதில் வருத்தமும் இல்லை.

அதிகம் தட்டு வாங்கியவர் துரைசாமி. ஒரு கிடங்கில் இரவுக் காவலாளி. எழுபதை நெருங்குகிறார், சர்க்கரை நோய் உண்டு. மகனோடு ஆங் மோ கியோவில் வீடு. அங்கே மருமகள் அக்கம்பக்கத்துக் கைக்குழந்தைகளைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்கிறாள். ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று அழும். வேலை முடிந்ததும் துரைசாமி தேக்காவில் தோசை சாப்பிட்டுவிட்டு நேராக நூலகத்துக்கு வருவார், நாளிதழை விரிப்பார், தூங்கிப்போவார்.

"அண்ணே, பேப்பர் தலைகீழா இருக்கு" என்பாள் சாமுண்டி.

"அப்படித்தான்மா இன்னைக்கு நியூஸ் இருக்கு" என்பார் அவர், கண்ணைத் திறக்காமல்.

ஒருநாள் அவர் விளையாட்டில்லாமலே சொன்னார். "இங்க தூங்கினா நீங்க தட்டுறீங்க. வீட்டுல தூங்க முடியாது. டியூட்டியில கண்ணை மூடினேன்னா மறுநாளே வேற ஆள் போட்டுருவான். இந்த வயசுல எனக்கு யாரு வேலை கொடுப்பா, சொல்லுங்க."

சாமுண்டி அடுத்த மேசைக்குப் போய்த் தட்டினாள்.

அந்த வருடம் சங்கத்துக்கு ஒரு வாய்ப்பு வந்தது. டென்மார்க்கில் ஒரு சிறிய ஊர் நூலகத்தோடு ஆள் மாற்றம்: இங்கிருந்து ஒருவர் போய்ச் சில வாரம் வேலை பார்க்க வேண்டும், பிறகு அங்கிருந்து ஒருவர் வருவார். நூலகத்தின் நிர்வாகி நிரஞ்சனாவுக்கு வீட்டில் சின்னக் குழந்தை. ஆகவே சாமுண்டி போனாள், மகளுடைய குளிர்கோட்டை இரவல் வாங்கிக்கொண்டு.

முதல் நாளே அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. விடிகாலையில் நூலகக் கதவு திறக்கிறது. அட்டையைக் காட்டினால் போதும். உள்ளே விளக்கு எரிகிறது, புத்தகம் இருக்கிறது, ஊழியர் ஒருவர்கூட இல்லை.

"திருடு போகாதா?" என்று கேட்டாள், தன்னைக் கூட்டிக்கொண்டு போன இங்கர் என்ற பெண்ணிடம்.

"போகும். மறுபடி வாங்குவோம்" என்றாள் இங்கர்.

இரண்டாவது அதிர்ச்சி சன்னலோரம் இருந்த சோபாவில். வயதான ஆள் ஒருவர் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, கம்பளிப் போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சாமுண்டியின் கை தானாகப் போய்ச் சோபாவின் மரக்கைப்பிடியில் தட்டிவிட்டது. டொக், டொக். அந்த மனிதர் துள்ளி எழுந்து வெறுங்காலோடு வாசலைப் பார்த்து ஓடினார். இங்கர் எங்கிருந்தோ பாய்ந்து வந்தாள்.

"எங்கே தீ?"

"தீ இல்லை. தூங்கினார்."

இங்கர் அவளைப் பார்த்த பார்வையைச் சாமுண்டி ஊர் திரும்பிய பிறகும் மறக்கவில்லை. "தூங்குகிறவரை எதற்கு எழுப்ப வேண்டும்?" என்று கேட்டாள் இங்கர். கோபமில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள். "விதி" என்றாள் சாமுண்டி.

அதற்குப் பிறகு அவள் அந்தச் சோபாவையே கவனித்தாள். தினம் யாராவது அதில் தூங்கினார்கள். புத்தக வண்டியோடு அந்தப் பக்கம் போகிற ஊழியர்கள் ஒரு நொடி நின்று, போர்வையைக் கால்மாட்டில் சரிசெய்துவிட்டுப் போனார்கள். யார் பெற்ற பிள்ளைகளோ, முன்பின் தெரியாத கிழவர்களுக்கு இப்படிப் போர்த்திவிடுகிறார்களே என்று சாமுண்டி வியந்தாள். இங்கர் குனிந்து போர்வையை இழுத்துவிடுகிற நேரம் பார்த்துக் கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொண்டாள்.

ஊர் திரும்பியதும் சங்கத்துக் கூட்டத்தில் அந்தப் படத்தைத் திரையில் காட்டினாள். "நாம விரட்டுறோம், அவங்க போர்த்திவிடுறாங்க" என்றாள். நிரஞ்சனா யோசித்தாள். முடியாது என்று சொல்கிற முகமில்லை, செலவைக் கணக்குப் பார்க்கிற முகம்.

"சரிக்கா, பின்னால அந்த மூலையில மூணு சாய்வு நாற்காலி போடுவோம். டிரையல்தான். ஆனா போர்வையெல்லாம் வேண்டாம். சிங்கப்பூருக்கு எதுக்கு போர்வை? யாரு துவைக்கிறது?"

அது நியாயமாகத்தான் பட்டது. போர்வை விட்டுப்போனது.

துரைசாமி முதல் நாள் அந்த நாற்காலியில் சாய்ந்தபோது, தட்டு விழும் என்று ரொம்ப நேரம் காத்திருந்தார். விழவில்லை. காவலாளிச் சட்டையை மேலே இழுத்துப் போட்டுக்கொண்டு தூங்கினார். ஒரு வாரத்தில் முகம் தெளிந்துவிட்டது. அவருடைய சதுரங்கக் கூட்டாளி முகமது இஸ்மாயிலுக்குத்தான் பொறுக்கவில்லை.

"என்ன தங்கச்சி, விரலை டென்மார்க்கிலயே விட்டுட்டு வந்துட்டியா? இவன் எந்திரிச்சாத்தானே நான் ஒரு ஆட்டம் ஆட முடியும்."

"மெதுவா பேசுங்க அண்ணே. தூங்குறாங்கள்ல."

சாமுண்டி இப்போது அந்த மூலையைக் கடக்கும்போது குதிகாலைத் தூக்கி நடந்தாள். தூங்குகிற ஆம்பிளை முகத்தை உற்றுப் பார்ப்பது மரியாதை இல்லை என்று பார்வையையும் திருப்பிக்கொண்டாள். அதுதான் வெளிநாட்டில் கற்ற பண்பு என்று நம்பினாள்.

அன்று ஒரு புதன்கிழமை. துரைசாமி வழக்கம்போல் வேலையிடத்திலேயே இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு தேக்காவுக்கு வந்திருக்கிறார். தோசைக்கடை அன்று விடுமுறை. மற்ற கடைகளில் வரிசை நீளம். கொஞ்சம் தூங்கிவிட்டு அப்புறம் சாப்பிடலாம் என்று நினைத்திருக்கிறார். ஊசி போட்டுக்கொண்டவர் சாப்பாட்டைத் தள்ளிப்போடக்கூடாது. அவருக்கும் அது தெரியும். களைத்துப்போன ஆளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த நேரத்தில் உதவுவதில்லை.

சாமுண்டி அந்தப் பக்கம் பல தடவை போனாள், வந்தாள். ஒருமுறை இஸ்மாயில் சொன்னார்: "இன்னைக்கு குறட்டையே இல்லையே. கட்டை மாதிரி கிடக்கிறான்."

"நல்ல தூக்கம். விடுங்க" என்றாள் சாமுண்டி. சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மேலே போட்டிருந்த சட்டை நழுவித் தரையில் விழுந்திருந்ததைப் பிறகுதான் பார்த்தாள். எடுத்து மேலே போட்டபோது விரல் அவர் கையில் பட்டது. பச்சைத் தண்ணீர் போல ஜில்லென்று இருந்தது. உள்சட்டை முழுக்க நனைந்திருந்தது. மூக்கு உறைகிற குளிர்சாதனத்தில் ஒரு மனிதருக்கு இப்படி வேர்க்குமா என்று யோசிக்கவே அவளுக்குச் சில நொடி பிடித்தது.

"அண்ணே. துரைசாமி அண்ணே."

அசைவில்லை. நாற்காலியின் கைப்பிடியில் தட்டினாள். டொக், டொக். பழைய வேகத்தில் தட்டினாள். தலை ஒரு பக்கமாகச் சரிந்தது.

சர்க்கரை இறங்கி மயங்கியவர் பார்வைக்குத் தூங்குகிறவர் போலவேதான் இருப்பார். வேர்வைதான் காட்டிக்கொடுக்கும். நிரஞ்சனா ஆம்புலன்ஸை அழைத்துக் கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டாள். இஸ்மாயில் தான் குடித்துக்கொண்டிருந்த இனிப்பு மைலோவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார், வாயில் ஊற்ற. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மூச்சைப் பாருங்கள் என்றது தொலைபேசிக் குரல். இஸ்மாயில் மைலோவைப் பிடித்தபடியே நின்றார். அது சாய்ந்து தரையெல்லாம் சிந்தியது. யாரும் துடைக்கவில்லை.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள், கையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அவரை இறக்கிக்கொண்டு போகும்போது அவர்களில் ஒரு தமிழ்ப்பையன் படியில் திரும்பிக் கேட்டான்.

"ஆன்ட்டி, எவ்வளவு நேரமா இப்படி இருக்கார்?"

காலையிலிருந்து அவரைப் பத்துத் தடவையாவது கடந்திருந்த சாமுண்டிக்கு அதற்கு விடை தெரியவில்லை.

அன்று மாலை நிரஞ்சனா சுற்றி வளைக்கவில்லை. "அக்கா, நீங்க பழைய மாதிரி தட்டியிருந்தா காலையிலேயே தெரிஞ்சிருக்கும். கமிட்டி பயந்துட்டாங்க. திங்கட்கிழமை மூலையைக் காலி பண்ணச் சொல்றாங்க."

சாமுண்டி மூலைக்குப் போய்த் தரையில் காய்ந்திருந்த மைலோவைத் துடைத்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். துரைசாமி உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கரண்டியை வைத்தார்.

"மூலையை மூடிட்டாங்களா?"

"முதல்ல சாப்பிடுங்க."

"மூடிட்டாங்கன்னா சொல்லிடுங்கம்மா. என்னால இனிமே உட்கார்ந்துக்கிட்டு தூங்க முடியாது. வேலையை விட்டுர வேண்டியதுதான்."

திரும்பும் வழியில் அவள் இங்கரை அழைத்தாள். ஆறுதல் கிடைக்கும் என்றுதான் அழைத்தாள். நடந்ததைச் சொன்னாள்.

"போர்வையைச் சரிசெய்தபோது கால் அசையவில்லையா?" என்று கேட்டாள் இங்கர்.

"எந்தப் போர்வை?"

"போர்வை இல்லையா?"

பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி, இங்கர் சொல்லச் சொல்லச் சாமுண்டி கேட்டாள். போர்வையைக் கால்மாட்டில் இழுக்கும்போது பாதம் கையில் படும். கதகதப்பாக இருக்க வேண்டும். தூங்குகிறவர் காலைக் கொஞ்சம் இழுத்துக்கொள்வார், முனகுவார். இழுத்துக்கொள்ளாவிட்டால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதற்கும் அசையாவிட்டால் ஆம்புலன்ஸ். எத்தனையோ வருடத்துக்கு முன் அந்தச் சோபாவில் ஒரு அம்மா சாயங்காலம் வரை தூங்குவதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் காலையிலேயே உயிர் போயிருந்தது. அன்றிலிருந்து இது வழக்கம்.

"ஏன் எனக்குச் சொல்லவில்லை?"

"தினமும் உன் கண்முன்னால்தானே செய்தோம். நீ படம்கூட எடுத்தாயே."

சாமுண்டி கைப்பேசியில் அந்தப் படத்தைத் தேடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். இங்கரின் ஒரு கை போர்வைக்குள், பாதத்தின் மேல். கண் போர்வையில் இல்லை. தூங்குகிறவருடைய நெஞ்சின் மேல் இருந்தது. இந்தப் படத்தைத்தான் ஆளுயரத்துக்குத் திரையில் போட்டு, இது அன்பு என்று அவள் பேசியிருந்தாள். அவள் ஏற வேண்டிய பேருந்து வந்து, நின்று, போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் முஸ்தபா கடைப் பக்கம் போய் மூன்று மெல்லிய போர்வைகளைத் தன் கைக்காசில் வாங்கிக்கொண்டு நிரஞ்சனாவின் அறைக்குள் நுழைந்தாள். படத்தைக் காட்டி விவரம் சொன்னாள். நிரஞ்சனா படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"நானும்தான் இதைப் பார்த்தேன்" என்றாள். பிறகு, "அக்கா, இது லைப்ரரிதானே. ஹாஸ்பிட்டல் இல்ல."

"இல்லதான். மூலையை எடுத்துட்டா அவங்க தூங்காம இருக்கப் போறாங்களா? எங்கயாவது படிக்கட்டுல தூங்குவாங்க. அங்க யாரு காலைத் தொட்டுப் பார்ப்பா?"

"பழையபடி தட்டலாமே."

"தட்டினா அவரு தூங்க முடியாது, வேலை போயிரும். தட்டின காலத்துலயும் நான் தலை நிமிருதான்னுதான் பார்த்தேன், ஆளைப் பார்க்கல."

நிரஞ்சனா போர்வையின் துணியை விரலால் தேய்த்துப் பார்த்தாள். "யாரு துவைக்கிறது?"

"நான்."

"எப்பவும் நீங்களே துவைக்க முடியாதுக்கா. முறை போட்டுக்குவோம். அந்தப் பக்கம் யார் போனாலும் பார்த்துட்டுத்தான் வரணும். சுகர் இருக்கிறவங்க சாப்பிட்டாச்சான்னு கேட்டுட்டுத்தான் படுக்க விடணும். கமிட்டிகிட்ட நான் பேசுறேன். ஒத்துக்குவாங்கன்னு சொல்ல மாட்டேன்."

ஒத்துக்கொண்டார்கள், இன்னும் மூன்று மாதத்துக்கு மட்டும்.

துரைசாமி அடுத்த வாரம் வந்தார். சட்டைப்பையில் மிட்டாய், கையில் பாதி தின்ற தோசைப் பொட்டலம். அதை இஸ்மாயிலிடம் காட்டிச் சாட்சி வைத்துவிட்டுத்தான் படுத்தார். புத்தக வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த சாமுண்டி நின்று, கால்மாட்டில் போர்வையை இழுத்துவிட்டாள். கதகதப்பாக இருந்தது. பாதம் வெடுக்கென்று உள்ளே போனது.

"கை ஐஸ் மாதிரி இருக்கும்மா" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "தட்டுறதே தேவலை."

சாமுண்டி அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.