கூட்டுப் பட்டாவில் ஒரு விமானி

2009ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறை முடிந்த வாரத்தில் என் பெயருக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. தபால் பையிலிருந்து கொட்டிப் பிரித்தவனும் நான்தான், கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டவனும் நான்தான். அப்போது உத்தமபாளையத்தில் தபால் உதவியாளராக மூன்றாம் வருடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வயது இருபத்து மூன்று. தினமும் காலையில் ஓடைப்பட்டியிலிருந்து பேருந்தில் வந்து, முதல் வேலையாக முத்திரையில் தேதியை மாற்றுவேன். தேதிகளைக் கவனிக்கும் பழக்கம் அதற்கு முன்பே உண்டு. வேலை அதை இன்னும் முற்றவைத்தது.

தெற்கே சிறு நகரங்களுக்கிடையே சிறிய விமானங்களை இயக்கிவந்த ஒரு நிறுவனம் அனுப்பிய கடிதம் அது. பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்தவர்களைத் தேர்ந்தெடுத்து, தானே பயிற்சி தந்து விமானி ஆக்கும் திட்டத்தை அந்த நிறுவனம் முந்தின வருடம் பேப்பரில் விளம்பரம் செய்திருந்தது. விளையாட்டாகத்தான் விண்ணப்பித்தேன். மதுரையில் நடந்த எழுத்துத் தேர்வுக்குப் போகும்போது விளையாட்டு பாதி குறைந்திருந்தது. நவம்பரில் சென்னைக்கு நேர்காணலுக்குப் போனபோது அறவே இல்லை.

நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்கள். நான் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை என்றதும் நடுவில் இருந்தவர் சிரித்துவிட்டு, என் ஊரைப் பற்றிக் கேட்டார். மூன்று பக்கம் மலை என்றேன். "அங்கே அவசரமாக ஒரு சிறிய விமானத்தை இறக்க வேண்டுமென்றால் எந்தத் திசையில் இறக்குவாய்?" என்றார். "எந்த மாதம் சார்?" என்று கேட்டேன். மூவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஜூன் பிறந்தால் கேரளப் பக்கத்திலிருந்து கணவாய் வழியாக அடிக்கும் காற்று ஆளைத் தள்ளும். எதிர்காற்றில்தான் இறங்க வேண்டுமென்று படித்திருந்ததால், அப்போது கூடலூர் மலையைப் பார்த்தபடி இறங்க வேண்டியிருக்கும், தவறினால் மறுபடி மேலேறத் திரும்ப இடம் போதாது, மார்கழியில் அந்தக் கவலை இல்லை என்று சொன்னேன். அந்தப் பதிலால்தான் எடுத்தார்கள் என்று இன்றும் நினைக்கிறேன்.

திரும்பும் வழியில் விமானிகளுக்கான வானிலை நூல் ஒன்றைப் பழைய புத்தகக் கடையில் வாங்கினேன். பொங்கலுக்குள் இரண்டு முறை படித்துவிட்டேன். அந்த நாட்களில் பேருந்தில் ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள இருக்கை கிடைக்காவிட்டால் அடுத்த பேருந்துக்கு நின்றேன். இதற்குமேல் என் ஆசையை விவரிக்கத் தேவையில்லை.

கடிதம் சொன்ன நிபந்தனை எளிமையானது. பயிற்சிச் செலவுக்கு வங்கிக் கடன். கடனுக்குக் குடும்பச் சொத்து ஈடு. சொத்தின் உரிமையாளர்கள் எல்லோரும் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திட்டு, அது பிப்ரவரி கடைசித் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். எங்களுக்கு இருந்த சொத்து ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டம் ஒன்றுதான். அதை அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்துக்கொள்ளவில்லை. பட்டா இருவர் பெயரிலும் கூட்டாக இருந்தது. சித்தப்பா பண்ணைப்புரத்தில் உரக்கடை வைத்து அங்கேயே குடியிருந்தார். தோட்டத்தை அப்பா பார்த்துக்கொண்டார். திராட்சை வெட்டுக்கு வெட்டு சித்தப்பாவின் பங்குப் பணம் போய்விடும். இத்தனை வருடத்தில் அதில் ஒரு பேச்சு வந்ததில்லை.

அன்று மாலை அப்பாவிடம் சொன்னேன்.

"அப்பா, பைலட் டிரெய்னிங்குக்கு என்னைய எடுத்துட்டாக."

"ஏலே, நெசமாவா? ஒனக்கு சைக்கிளே நேரா வராதேடா."

"அதெல்லாம் அவுகளே சொல்லிக் குடுப்பாகப்பா. ஆனா தோட்டத்துப் பட்டாவ ஈடு காட்டணுமாம்."

"காட்டத்தான் சொல்லுவாக. வண்டி என்ன வெல இருக்கும்! ஒஞ் சித்தப்பன்ட்ட நான் பேசிக்கிறேன், நீ போ."

சைக்கிள் பேச்சை நான் கிண்டல் என்றே எடுத்துக்கொண்டேன். இவ்வளவு லேசாக முடியும் என்று எதிர்பார்க்கவில்லை. அன்றைக்கே அப்பா அரைக் கிலோ மிட்டாய் வாங்கித் தெருவில் கொடுத்துவிட்டு, சித்தப்பாவுக்கும் போன் போட்டுவிட்டார்.

விஷயம் புரிய மூன்று நாளாயிற்று. எங்கள் பக்கம் 108 ஆம்புலன்ஸ் புதிதாக ஓடத் தொடங்கியிருந்த சமயம் அது. அந்த வண்டியின் ஓட்டுநரை டிரைவர் என்று சொல்வதில்லை. பைலட் என்பதுதான் அந்த வேலைக்கு வைத்த பெயர். எங்கள் தெருக்காரர் ஒருவர், அதுவரை கம்பம்மெட்டு வழியாகக் கேரள ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவர், அதில் சேர்ந்திருந்தார். ஓடைப்பட்டியில் பைலட்டு என்றால் அவர்தான். பேருந்து நிறுத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நல்ல வேலைய்யா, உசுரக் காப்பாத்துற வேலை. எங்க ஆத்தாவுக்கு மூச்சிரைப்பு இருக்குல்ல, நாங்க கூப்புட்டா நீயே வந்துரு. அந்தப் பைலட்டு ரொம்ப மெதுவா வர்றாரு."

பேருந்து வந்ததால் ஏறிவிட்டேன். ஏறி உட்கார்ந்த பிறகுதான், அப்பா எதற்குச் சம்மதித்தார் என்பது எனக்கு உறைத்தது.

மறுநாள் காலை தோட்டத்துக்குப் போனேன். கவாத்து நடந்துகொண்டிருந்தது. பந்தலுக்கு அடியில் நின்று, தலைக்கு மேலே பழைய கொடிகளைக் கணு பார்த்து வெட்டிக்கொண்டிருந்தார் அப்பா.

"அப்பா, அது ஆம்புலன்சு இல்ல. ஏரோப்ளேன்."

கத்தரி நின்றது. "பறக்குறதா?"

"பறக்குறதுதான்."

"இத மொதல்லயே சொன்னா என்ன?"

"பைலட்டுன்னுதானப்பா சொன்னேன்."

"பைலட்டுன்னா ஆம்புலன்சுன்னு இங்கன பச்சப்புள்ளைக்கும் தெரியும்." இரண்டு கொடிகளை வெட்டிக் கீழே போட்டார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "சரி விடு. ஊரு பூராவும் மிட்டாய் குடுத்தாச்சு. ஒஞ் சித்தப்பனும் கையெழுத்துப் போடுறேன்னுட்டான். இனி அது ஓடுனா என்ன, பறந்தா என்ன?"

அடுத்து சித்தப்பாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. பிப்ரவரி 8, ஞாயிற்றுக்கிழமை, பண்ணைப்புரம் போனேன். கடையில் யூரியா மூட்டைகளுக்கு இடையே உட்கார்ந்திருந்த சித்தப்பா, நான் சொல்லி முடித்ததும் சிரித்த சிரிப்பில், வாசலில் நின்ற ஆள் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அண்ணன் ஆம்புலன்சுன்னுல்ல சொன்னாக! நான் இங்கன எல்லார்ட்டயும் எம் மகன் 108ல சேர்றான்னு சொல்லிக்கிட்டுத் திரியிறேன்."

சித்தி காப்பியோடு வந்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏரோப்ளேன் விழுந்துச்சுன்னா?"

"ஆம்புலன்சு மட்டும் விழாதாக்கும்? குமுளி மலையில எத்தன வண்டி உருண்டிருக்கு," என்றார் சித்தப்பா.

"குமுளில உருண்டா தேடியாச்சும் எடுக்கலாம்."

"காலங்காத்தால வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருடி." என் பக்கம் திரும்பினார். "ஏப்பா, சொன்ன சொல்லு சொன்னதுதான். அது எதுவா வேணா இருக்கட்டும். பேப்பரக் கொண்டா, போட்டுத் தர்றேன்."

பத்திரம் அன்று என் கையில் இல்லை. வங்கியில் சரிபார்க்கக் கொடுத்திருந்தேன். அடுத்த வாரம் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

திரும்பும் பேருந்தில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏன் என்று தேவாரம் தாண்டும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன். அப்பாவோ சித்தப்பாவோ யாராவது ஒருவர் முடியாது என்பார், நான் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன், பிறகு தபால் அலுவலகத்திலேயே காலத்தை ஓட்டுவேன் என்று மனதுக்குள் ஒரு ஏற்பாடு செய்துவைத்திருந்தேன் போலும். இருவரும் சரி என்றுவிட்டார்கள். முதல் தடவை ஒரு வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டு சரி என்றார்கள். இரண்டாம் தடவை, சொன்னதை மாற்றக்கூடாது என்பதற்காகச் சரி என்றார்கள். அந்தத் திட்டத்தைப் பற்றி யோசித்து யாரும் சரி சொல்லவில்லை. யோசிக்க வேண்டிய பொறுப்பு முழுதும் என்மேல் வந்துவிட்டது.

அதன் பிறகுதான் கடிதத்தோடு வந்திருந்த ஒப்பந்தத்தை ஒழுங்காகப் படித்தேன். அதுவரை வானிலை நூலைப் படித்த கவனத்தில் பாதியைக்கூட அதற்குக் கொடுத்திருக்கவில்லை. பயிற்சியை வெற்றிகரமாக முடிப்பவர்கள் நிறுவனத்தின் தேவைக்கு உட்பட்டுப் பணியில் அமர்த்தப்படுவார்கள் என்று ஒரு வரி இருந்தது. மதிய இடைவேளையில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து சென்னைக்குப் போன் செய்து, தேவை இல்லையென்றால் என்ன ஆகும் என்று கேட்டேன். பேசிய பெண் மிகவும் மரியாதையாகப் பேசினார். "அது வழக்கமா எல்லா ஒப்பந்தத்துலயும் இருக்கிற வரி சார். நீங்க பயப்பட வேண்டாம்." தேவை இல்லாமல் போனால் கடனை யார் கட்டுவது என்று மறுபடி கேட்டேன். "கடன் உங்களுக்கும் வங்கிக்கும் நடுவுல உள்ள விஷயம் சார்," என்றார். அதிலும் பொய் இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் பேப்பரில் விமான நிறுவனங்களைப் பற்றி வந்த செய்திகள் எதுவும் நன்றாக இல்லை. ஆட்களைக் குறைக்கிறார்கள், சில ஊர்களுக்கு ஓட்டத்தை நிறுத்துகிறார்கள் என்று அடிக்கடி வந்தது. தபால் வேலையை விட்டுவிட்டு என் சொந்த வருடங்களை வைத்து ஆடிப் பார்க்க நான் தயாராகத்தான் இருந்தேன். என்னை விட்டுவிட்டு யோசித்தால் தோட்டம் மிஞ்சியது. அதில் சரிபாதி, அது எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்ட சித்தப்பாவுடையது.

பின்னால் நடந்ததை வைத்து இதை எழுதக்கூடாது என்று நினைக்கிறேன். அந்த நிறுவனம் பிறகு நின்றுபோனது உண்மை. என்னோடு தேர்வான திண்டுக்கல்காரர் ஒருவர் பயிற்சி முடித்து, இரண்டு வருடம் சும்மா இருந்து, பிறகு வேறொரு நிறுவனத்தில் சேர்ந்து இன்றைக்கும் பறந்துகொண்டிருக்கிறார் என்பதும் உண்மை. பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் இந்த இரண்டில் எதுவும் எனக்குத் தெரியாது.

சேர இயலவில்லை என்று நான்கு வரி எழுதி, நானே முத்திரை குத்தி, நானே பையில் போட்டேன். கடைசித் தேதியான சனிக்கிழமை மாலை அப்பாவிடம் சொன்னேன். அப்பா அதட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"யாரு வேணாம்னா?" என்றுதான் கேட்டார்.

"யாரும் சொல்லலப்பா. நாந்தான்."

"ஒஞ் சித்தப்பன் ஏதும் மொனங்குனானா?"

"இல்லப்பா, அவுக பேப்பரக் கொண்டாடான்னுதான் சொன்னாக."

"அவன்கிட்ட நீயே போய்ச் சொல்லு. நாஞ் சொன்னா, அவன நம்பாம நான் நிப்பாட்டுனதா ஆயிரும்," என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அன்று சாப்பாட்டுக்கு நேரம் கழித்துத்தான் வந்தார்.

மறுநாள் மார்ச் முதல் தேதி. மீண்டும் பண்ணைப்புரம் போனேன். கடையில் சித்தப்பாவும் சித்தியும் மட்டும் இருந்தார்கள். சொன்னேன். சித்தியின் முகம் தெளிந்தது. சித்தப்பாவின் முகம் கறுத்துவிட்டது.

"என்னடா இப்பிடிப் பண்ணிப்புட்ட?"

"ஏங்க, புள்ள பத்தரமா இங்கனயே இருக்கட்டுமே," என்றார் சித்தி.

"ஒனக்கென்ன தெரியும்? பட்டாவுல பேரு இருக்கது ரெண்டு பேருக்கு. அண்ணன் மிட்டாய் குடுத்தாக. இப்பப் போகலைன்னா ஊரு என்ன பேசும்? தம்பிக்காரன் கையெழுத்துப் போடமாட்டேன்னுட்டான்னு பேசும். அங்கன நான் எப்பிடிப் போய் நிக்க?"

இது எனக்குத் தோன்றவே இல்லை. கூட்டுப் பட்டா உள்ள எந்தக் குடும்பத்திலும் ஒரு காரியம் நின்றால் முதலில் கேட்கப்படும் கேள்வி அதுதான்.

"நான் எல்லார்ட்டயும் சொல்லிர்றேன் சித்தப்பா."

"நீ சொன்னா? சித்தப்பனக் காப்பாத்தப் பேசுறான்ம்பாக. பேப்பர் எங்க?"

வங்கியிலிருந்து திரும்பி வந்த பத்திரம் பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். மேசையில் கிடந்த பில் புத்தகத்தை நகர்த்திவிட்டு, என்னிடமே பேனாவை வாங்கி, தன் பெயருக்கு நேராக ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் தேதிக்கு ஒரு கட்டம் இருந்தது.

"இன்னைக்கு என்ன, ஒண்ணாந்தேதியா? அவுக கெடு என்னைக்கு?"

"நேத்து."

பேனாவைத் தூக்கிக்கொண்டார். "அப்ப இன்னைக்குத் தேதி போட்டா நாந்தான் இழுத்தடிச்சேன்னு ஆகும்ல?"

"இது எங்கயும் போகப்போறதில்ல சித்தப்பா."

"போகுதோ இல்லியோ, நாளப்பின்ன ஒருத்தன் கேட்டா எடுத்துக் காட்டணும்ல. வேற தேதி சொல்லு. ஒனக்குத்தான் தேதியெல்லாம் அத்துபடியாச்சே."

எதுவும் நடக்காத ஒரு நாளைத் தேதியாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சித்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வாசலில் யாரோ பொட்டாஷ் இருக்கிறதா என்று கேட்க, சித்தப்பா நிமிராமலே, "இருக்கு, இருங்க," என்றார்.

"பிப்ரவரி எட்டு," என்றேன்.

"அன்னைக்கு என்ன?"

"நீங்க போட்டுத் தர்றேன்னு சொன்ன நாளு."

சித்தப்பா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு எட்டு என்று எழுதி, இரண்டு என்று எழுதி, வருடத்தையும் போட்டு, மை காய வாயால் ஊதிவிட்டுப் பொட்டாஷ் நிறுக்க எழுந்தார்.