கழற்றிய பிக்கப்

எங்கள் கச்சேரிக் குழுவில் கிட்டார் வாசிப்பது நானும் முரளியும். வேங்கிக்கால் கல்யாண மண்டபத்தில் அவன் கிட்டார் உறுமினால் விசில் பறக்கும். எனக்கு வயிறு எரியும். கம்பிகளுக்கு அடியில் இருந்து ஒலியை வாங்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் பிக்கப், அவன் கிட்டாரில் சத்தம் அதிகம் தரும் ஹம்பக்கர் வகை. அதைவிடச் சத்தமான ஒன்றை வாங்கி, என் பழைய பிக்கப்பைக் கழற்றிவிட்டு மாட்டினேன்.

அடுத்த கச்சேரியில் எனக்கும் விசில் பறந்தது. மேடையை விட்டு இறங்கியதும் முரளி வந்தான்.

"நல்லா இருந்துச்சுண்ணா. ஆனா மெலடிக்கு உங்க பழைய சவுண்டுதான். எனக்கு அது வரவே மாட்டேங்குது. கழட்டுன பிக்கப் சும்மாதானே கெடக்கு, எனக்குக் குடுக்கிறீங்களா?"

"அது எங்கியோ தொலைஞ்சுபோச்சுடா" என்றேன்.

வீட்டுக்குப் போனதும் சட்டையைக்கூட மாற்றாமல் அதைத் தேடி எடுத்தேன். திரும்ப மாட்டத்தான் ஆசை. மாட்டினால், முதல் பாட்டிலேயே முரளி கண்டுபிடித்துவிடுவான்.