டில்மனின் வண்டியும் எதிர்வீட்டுப் படகும்

ரூஃபஸ் டில்மன் போட்ட கூரை ஒழுகியது என்று மினியாபொலிஸ் வட்டாரத்தில் எவனாவது சொன்னால், அவன் புளுகன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டு, மிசிசிப்பியிலிருந்து ஒரு சுத்தியலோடு வடக்கே வந்த மனிதர். இன்று அவர் பெயர் எழுதிய வண்டி அவருடைய சொந்த வீட்டு வாசலில் நிற்கிறது. பட்டம் வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு இது வாய்த்தது?

இரண்டு பழக்கங்களை அவர் விட்டதேயில்லை. குதிகாலால் தட்டிப் பார்க்காமல் எந்தக் கூரையிலும் முழுப் பாரத்தை வைக்கமாட்டார். யார் செய்தது என்று தெரியாத உருளைக்கிழங்கு சாலட்டை வாயில் வைக்கமாட்டார். இந்த இரண்டாவதைக் கறுப்பர் வீட்டுக் குழந்தைகூடச் சொல்லும்: கைப்பக்குவம் தெரியாத ஆள் அதில் எதைக் கொட்டியிருப்பாரோ, யார் கண்டது?

அந்தத் தெருவில் கறுப்பர் வீடு அவருடையது ஒன்றுதான். போன கோடையில் போலீஸ்காரன் ஒரு கறுப்பரைக் கொன்றதில் நகரமே கொந்தளித்தபோது, வெள்ளைக்கார வீடுகளின் புல்தரையெங்கும் ‘கறுப்பர் உயிரும் உயிரே’ என்ற பலகைகள் முளைத்தன. பத்து வருஷம் பாராமுகமாகப் போனவர்கள் ஓடிவந்து கையசைத்தார்கள். ரூஃபஸும் அசைத்தார். மனசு மட்டும் குதிகாலால் தட்டிக்கொண்டே இருந்தது.

இந்தக் கோடையில் எதிர்வீட்டு கிரெச்சென் கதவைத் தட்டினாள்.

“மிஸ்டர் டில்மன், நிறவெறி, வெள்ளைக்காரங்களுக்குப் பிறப்பிலேயே கிடைக்கிற சலுகை, இதைப் பத்தியெல்லாம் எங்க தோட்டத்துல கூடிப் படிக்கிறோம். நீங்க வந்து உங்க அனுபவத்தைச் சொல்லணும்.”

அதே வாரம் நகராட்சி ஆளும் வந்தான். தெருவில் யாரோ போன் பண்ணிவிட்டார்களாம். தொழில் வண்டி வீட்டு வாசலில் நிற்பது தெருவுக்கு அழகில்லையாம். செவ்வாய்க்கிழமை நகர மன்றத்தில் முடிவு. வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்தச் சொன்னால் ஏணிகளும் கருவிகளும் திருடனுக்குத்தான். தொழிலே படுத்துவிடும்.

“போன் பண்ணினது அவளேதான்,” என்று மனைவி ஓடெசாவிடம் சொன்னார் ரூஃபஸ். “முன்னால புத்தகம், பின்னால போனு.”

“நீ கண்ணால பாத்தியாக்கும்?”

“எங்க ஒழுகுதுன்னு கீழ நின்னா தெரியாதுடி. ஏறிப் பாக்கணும். போறேன்.”

“போ. ஆனா அங்க எதையாவது தின்னு தொலைக்காதே.”

தோட்டத்து மேசையில் பெரிய கிண்ணம் நிறைய உருளைக்கிழங்கு சாலட். அதில் உலர்ந்த திராட்சை! ரூஃபஸ் இரண்டு அடி தள்ளி உட்கார்ந்தார். ஆளுக்கொரு புத்தகம் வைத்திருந்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் கோடு. ஒருத்தி படிக்கும்போதே அழுதாள். கடைசியில் எல்லா முகமும் அவர் பக்கம் திரும்பியது.

“என் அனுபவம் செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு மன்றத்துல இருக்கு,” என்றார். “என் வண்டியைத் தூக்கப் பாக்குறாங்க. யாரு போன் பண்ணினீங்கன்னு கேக்கல. யாரு வரீங்கன்னு கேக்குறேன்.”

ஒருவர் கண்ணாடியைத் துடைத்தார். அழுதவளுக்கு அழுகை நின்றுவிட்டது.

“தோள் கொடுக்கிறதைப் பத்தின அத்தியாயம்…” என்று இழுத்தாள் கிரெச்சென். “அது அடுத்த மாசம்தான் வருது.”

“நல்லதும்மா. நிதானமா படிங்க,” என்று எழுந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மன்றத்தில் ரூஃபஸ் வாசலைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. நேரமானபின் கிரெச்சென் கணவனோடு உள்ளே வந்தாள். ‘எதிர்த்துப் பேசத்தான் வந்திருக்கா,’ என்று நினைத்தார். அவள் எழுந்து நின்றாள்.

“எங்க வீட்டு முன்னால, ஏரிக்கு இழுத்துட்டுப் போற படகு ஒண்ணு நிக்குது. அவர் வண்டியைவிட நீளம். வருஷக்கணக்கா நிக்குது. ஒருத்தரும் ஒரு போன் பண்ணல. ஏன்னு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். வண்டி போகணும்னா முதல்ல எங்க படகை எடுங்க.”

“கிரெச்சென்!” என்று பதறினான் கணவன். “படகை ஏன்டி இழுக்குற?”

உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் பாதிப்பேர் வீட்டிலும் படகு உண்டு. புகார் தள்ளுபடியானது.

வெளியே அவள் ஒரு சிறு கிண்ணத்தை நீட்டினாள். “சாலட். நானே செஞ்சது. திராட்சை போடல.”

ரூஃபஸ் கிண்ணத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “போன் பண்ணினது யாரு?”

“நான் இல்ல,” என்றாள். கண் ஒரு நொடி கணவன் பக்கம் போய்த் திரும்பியது.

கிண்ணத்தை வாங்கி வண்டியின் முன் சீட்டில் வைத்தார். அதற்கும் பெல்ட் போட்டார்.

“ஓடெசா ருசி பாக்கட்டும்,” என்றார். “அப்புறம் நான் ஒரு கரண்டி.”